அக்கா எழுந்திருக்க விதி இல்லை

ரத்தம் கெட்டுப்போகும் என்று சொன்னால் யாராக இருந்தாலும் பதறி எழுந்து நிற்பார்கள் என்று ஃப்ரிட்ஜ்காரர் நினைத்திருந்தார். சகோதர நிரல் ஒத்திசைவு வாரியத்தில் எழுந்து நிற்பதற்கு வேறு காரணங்கள் இருந்தன.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோதே எல்லாரும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நீண்ட மேஜையின் ஒரு கோடியில் செயலாளர் பெயர் பெயராக வாசித்துக்கொண்டிருந்தார். துக்கம் போலிருக்கிறது என்று எண்ணி ஃப்ரிட்ஜ்காரரும் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் மெதுவாகக் கேட்டார்.

"யாருங்க தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. பொது நிரலுக்கு மேல ஒரு தலைப்பு இருக்கும். இதுவரைக்கும் அதைத் தொட்டவங்க பேரு பூரா அதுல இருக்கும். கூட்டத்துக்கு முன்னாடி வாசிப்பாங்க."

"முடிய நேரமாகுமா?"

"ஆகும். ஒருத்தர் ஒரு கமாவை எடுத்துட்டுப் பேரைப் போட்டிருப்பார். இன்னொருத்தர் அதே கமாவைத் திரும்பி வெச்சிட்டு அவரும் பேரைப் போட்டிருப்பார். ரெண்டு பேருக்கும் நாம நிக்கணும்."

அந்தப் பெண் அங்கே கணினிக்கு நிரல் எழுதுபவள். ஒருமுறை ஒரு கமா விட்டுப்போனதற்காகப் ஒரு புதிய பதிப்பு வெளிவருவதையே நிறுத்திவைத்தாளாம். அன்றிலிருந்து அவளுக்கே கமா என்று பெயர். வைத்தவர்கள் வசவாகத்தான் வைத்தார்கள், அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். கணினி என்ற பெட்டிக்குள் எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற அடிப்படை நிரல் ஒன்று இருக்கும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். யூனிக்ஸ் என்று அதில் ஒரு பழைய, பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தின் ஒரு கிளையில் என்றோ சண்டை வந்து மூன்றாகப் பிரிந்தார்கள். மூத்தபிள்ளை, நடுப்பிள்ளை, கடைக்குட்டி என்று மூன்று சிஸ்டம். சண்டைக்கு என்ன காரணம் என்று இன்றைக்கு ஒருவருக்கும் நினைவில்லை, கோபம் மட்டும் கெடாமல் இருக்கிறது. ஆனால் சொத்து முழுவதையும் பாகம் பிரிக்க முடியவில்லை. கடிகாரத்தைப் படிக்கிற நிரல், வெளியிலிருந்து வரும் கம்பியில் என்ன சேதி வருகிறது என்று பார்க்கிற நிரல், இப்படிப் பலதும் பொதுவில் கிடந்தன. ஒரு வீட்டில் ஓட்டை அடைத்தால் மற்ற இரண்டு வீடும் அதை எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொள்ளலாம் என்றால் எடுத்துக்கொள்வார்கள் என்று பொருளில்லை. அதைக் கவனிப்பதற்குத்தான் வாரியம்.

ஃப்ரிட்ஜ்காரருக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. அவர் ரத்த வங்கியில் குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். பெட்டிக்குள் சூடு ஏறினால் ஒரு கம்பி வழியாகக் கணினிக்குச் சேதி போகும், கணினி மணி அடிக்கும், இவர் ஓடுவார். பல வருடமாக இந்த மூன்றும் ஒழுங்காக நடந்துவந்தன. கடைக்குட்டியின் புதிய பதிப்பு வந்ததிலிருந்து கணினி மட்டும் மாறிவிட்டது. காலையில் கேட்ட சூட்டின் எண்ணையே பிடித்துக்கொண்டு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தது. உள்ளே சூடு ஏறினாலும் மணி அடிப்பதில்லை. பெட்டியின் நெற்றியில் இருக்கும் சூடுமானியின் முள் மட்டும்தான் உண்மையைக் காட்டியது, அதை யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆள் போடுங்கள் என்று அவர் ரத்த வங்கியின் டாக்டரம்மாவிடம் கேட்டார். "மணி இருக்கும்போது ஆள் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க" என்றார் டாக்டரம்மா. "மணிதான் அடிக்கலையே?" என்றால், "அப்ப மணியைச் சரி பண்ணுங்கம்பாங்க." பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றால் அதற்கு வாரியத்தின் முத்திரை காலாவதியாகிவிட்டது. முத்திரை இல்லாத சிஸ்டம் இருக்கும் பெட்டியில் ரத்தம் வைக்கக் கூடாது. மணி அடிக்காத பெட்டியில் வைக்கலாம், அதற்கு முத்திரை இருந்தது.

ஆகவே ராத்திரியில் இவரே முள்ளைப் பார்த்தார். பகலில் வாரியத்துக்கு அலைய வேண்டியிருந்ததால் அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். சொந்தக் கார், சொந்தப் பள்ளி, கார் கூரையில் அவளே எழுதிய பலகை. ஓர் இடத்தில் உட்கார்ந்தால் அவளுக்குக் காலில் எறும்பு ஊறும்.

"டேய், நாலு பக்கமும் கண்ணாடியில பாத்துப் பழகின கண்ணு இது. ஒரே முள்ளைப் பாத்துட்டு உக்காருன்னா எப்படிடா?"

"இன்னிக்கு ஒரு நாள்தான்கா. சொன்னதும் சரி பண்ணிடுவாங்க."

"என்கிட்ட பத்து பேரு கத்துக்கறாங்க. முனையில புதுசா ஒருத்தன் ஏசி கார் வெச்சுத் தொறந்திருக்கான், தெரியுமில்ல? ஒரு நாள்னா ஒரு நாள்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். இவர் வாரியத்துக்கு ஓடினார். தலைப்பு வாசித்து முடிந்ததும் உணவு இடைவேளை விட்டார்கள்.

மதியம் கூட்டம் கூடியது. மூன்று சிஸ்டத்துக்கும் மூன்று பிரதிநிதிகள். மூவரும் ஒரே தளத்தில், எதிரெதிர் அறைகளில் வேலை பார்ப்பவர்கள்; ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. தெரியாத்தனமாக ஃப்ரிட்ஜ்காரர் அதில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைக்குட்டிக்காரர்கிட்ட சொல்லுங்க" என்று மூத்தபிள்ளையின் பிரதிநிதி இவரைப் பார்த்து ஆரம்பித்தார். "இந்தக் கோளாறு எங்ககிட்டயும் வந்துது. எங்க கமா ஒரு மத்தியானத்துல சரி பண்ணிட்டா. கேட்டா தருவோம்."

அடுத்த நாற்காலிக்குக் காது கேட்காதோ என்று ஃப்ரிட்ஜ்காரர் திரும்பி, "கேட்டா தருவாங்களாம்" என்றார்.

"நாங்க கேக்க மாட்டோம்னு சொல்லுங்க. அவங்களா தந்தா வேண்டாம்னும் சொல்ல மாட்டோம்."

"கேக்க மாட்டாங்களாம். தந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களாம்."

"கேக்காம குடுக்கறது எங்க வீட்டு வழக்கமில்லன்னு சொல்லுங்க."

நடுப்பிள்ளைக்காரர் அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு பேர்கிட்டயும் சொல்லுங்க, அந்த நிரலே முதல்ல எங்க வீட்டுல எழுதினது. எங்களுக்கு இந்தக் கோளாறே வரல. ஏன் தெரியுமா? நாங்க இவங்க ரெண்டு பேர்கிட்டயிருந்தும் எதையும் எடுத்துக்கறதில்ல."

ஃப்ரிட்ஜ்காரர் கழுத்து வலிக்கும்வரை திரும்பித் திரும்பிச் சொன்னார். வாரியத் தலைவர் இதை வெகுநேரம் ரசித்துப் பார்த்தார். இவ்வளவு விறுவிறுப்பாகக் கூட்டம் நடந்து பல காலமாயிற்று என்று பாராட்டி, ஃப்ரிட்ஜ்காரரை அன்றைய குறிப்பில், ஒத்துப்போகாத நிரல்களுக்கு நடுவே சேதி கடத்தும் நிரலைச் சொல்வதுபோல, 'இணைப்பு அடுக்கு' என்று பதிவு செய்யச் சொன்னார். மறுநாளும் வந்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

போன் அதிர்ந்தது. அக்கா.

"என்னடா, சரி பண்ணியாச்சா?"

"பேசிட்டிருக்காங்கக்கா."

"யாரு, யாரோட?"

"எல்லாரும் என்னோட."

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா முக்காலியில் உட்கார்ந்தாள். கேட்காமலே கொடுத்தது போலவும் கொடுக்காமலே கேட்டது போலவும் ஒரு வாசகத்தைச் செயலாளர் தயாரித்து மூவரையும் சம்மதிக்கவைத்தார். அப்பாடா என்று ஃப்ரிட்ஜ்காரர் மூச்சு விட்டபோது, வரிக்கு முன்னால் எவ்வளவு இடம் விடுவது என்ற கேள்வி எழுந்தது.

மூத்தபிள்ளை வீட்டில் ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுவார்கள். கடைக்குட்டி வீட்டில் அதைவிட உள்ளே தள்ளுவார்கள். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், வெற்றிடத்தை அது பார்ப்பதே இல்லை. ஆனால் பிரதிநிதிகள் பார்த்தார்கள். திருத்தத்தைத் தாளில் அச்சடித்து, அளவுகோல் வைத்து அளந்தார்கள். நடுப்பிள்ளைக்காரர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அங்கே ஒன்றும் எழுதப்படவில்லை என்பதை உறுதி செய்தார். அந்த ஒன்றுமில்லாத இடம் யாருடைய ஒன்றுமில்லாத இடம் என்று வாக்குவாதம் முற்றியது.

ஃப்ரிட்ஜ்காரர் பொறுக்கமாட்டாமல் வெளியே வந்தார். நடைவழியில் கமா தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எழுதினதுதானேம்மா? எதிர் ரூம்தானே? நீங்களே போய்ப் போட்டுடக் கூடாதா?"

"போடலாம். வாய் கொப்பளிக்கற நேரம்கூட ஆகாது."

"பின்ன?"

"நான் அங்க போய்ப் போட்டா அது திருத்தம் இல்ல, ஊடுருவல். முத்திரை கிடைக்காது. முத்திரை இல்லன்னா உங்க பெட்டியைப் பூட்டிடுவாங்க." அவள் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை. "எனக்கும் தூக்கம் வரலைங்க. எழுதி முடிச்ச ஒண்ணு எதிர் அறைக்குப் போக முடியாம கிடக்குது. தினம் கதவைத் தாண்டிப் போகும்போது ஒரு மாதிரி இருக்கு."

ரத்த வங்கியில் இருக்கும் பைகளில் சில, எங்கேயோ தேடி அலைந்து கிடைத்த அபூர்வ வகை. அக்கா ஒரு தும்மல் தும்மி நிமிர்வதற்குள் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் ஃப்ரிட்ஜ்காரரை விடவே இல்லை. வாரியத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவருடைய கால் தானாகவே ஆடியது. அதைக் கவனித்த செயலாளர், இணைப்பு அடுக்கு நிலையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

வாரக் கடைசியில் தலைவர் தீர்ப்பு சொன்னார். அவர் எழுந்தால் முதலில் தொண்டையைச் செருமுவார், பிறகு கண்ணாடியைக் கழற்றுவார், பிறகு மாட்டுவார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"நண்பர்களே, ஒத்திசைவு என்றால் என்ன? மூன்று பேரும் ஒன்றுபோல் இருப்பது. இன்றைய நிலைமை என்ன? கடைக்குட்டியில் கோளாறு இருக்கிறது. மூத்தபிள்ளையில் இருந்தது, இப்போது இல்லை. நடுப்பிள்ளையில் எப்போதுமே இல்லை. மூன்று வீடு, மூன்று நிலைமை. இதைவிட வெட்கக்கேடு வேறு உண்டா? கடைக்குட்டியைச் சரி செய்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். சரி செய்தால் என்ன ஆகும்? ஒன்று சரியானது, ஒன்று சரிசெய்யப்பட்டது, இன்னொன்று பிறகு சரிசெய்யப்பட்டது என்றாகும். வரலாறு ஒத்துப்போகாது. ஒரு வீட்டில் ஒருவருக்கு மட்டும் காய்ச்சல் வந்தால் அது நோய். எல்லாருக்கும் வந்துவிட்டால் அது அந்த வீட்டின் சுபாவம். ஆகவே மூத்தபிள்ளை தன் திருத்தத்தைத் திரும்பப் பெறும். நடுப்பிள்ளை இந்தக் கோளாறை முறைப்படி ஏற்றுக்கொள்ளும். மூன்றும் சமமான பிறகு, மூன்றையும் ஒன்றாகத் திருத்துவது பற்றி ஆலோசிக்க ஒரு குழு அமைக்கப்படும்."

கைதட்டினார்கள். நடுப்பிள்ளைக்காரர் மட்டும் கொஞ்சம் தயங்கினார். "எங்ககிட்ட இல்லாத கோளாறை நாங்க எப்படிப் போடறது?" என்று ஃப்ரிட்ஜ்காரரிடம் கேட்டார்.

"எங்ககிட்ட நல்லா சோதிச்ச கோளாறு இருக்கு, தர்றோம்னு சொல்லுங்க" என்றார் கடைக்குட்டிக்காரர். அவர் கேட்காமலே ஒன்றைக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

கோளாறு அன்று மாலையே எதிர் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. வெற்றிடத்தை யாரும் அளக்கவில்லை.

ஃப்ரிட்ஜ்காரர் ரத்த வங்கிக்குத் திரும்பியபோது அக்கா முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"எழுந்திருக்கலாமா?"

"இல்லக்கா. இனிமே எந்த இடத்துலயும் மணி அடிக்காது."

"நீ அங்க சரி பண்ணத்தானே போன?"

அக்கா முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "இன்னிக்கு ரெண்டு பேரு அவன்கிட்ட சேந்துட்டாங்கடா. ஏசியாம். போன் பண்ணி 'மன்னிச்சிடுங்க மேடம்'னு சொன்னாங்க. நான் முள்ளைப் பாத்துக்கிட்டே 'பரவால்ல'ன்னேன்." அவள் குரலில் கோபம் இல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அடுத்த சில நாட்களில் மூத்தபிள்ளையையும் நடுப்பிள்ளையையும் நம்பியிருந்த இடங்களிலெல்லாம் மணிகள் வாயை மூடிக்கொண்டன. தடுப்பூசி அறை, பால் கிடங்கு, மீன் கிடங்கு, பூக்கடைக் குளிர் அறை. எல்லாரும் வாரியத்துக்குப் போன் செய்து என்ன செய்வது என்று கேட்டார்கள். அந்த ரத்த வங்கியில் என்ன செய்கிறார்கள் என்று வாரியம் ஃப்ரிட்ஜ்காரரைக் கேட்டது. எங்கள் அக்கா பார்க்கிறாள் என்று இவர் உள்ளதைச் சொன்னார். மறுநாளே தலைவரும் செயலாளரும் மூன்று பிரதிநிதிகளும் ரத்த வங்கிக்கு வந்து அக்காவின் முதுகுக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள்.

"யாருடா இவங்கள்லாம்?"

"வாரியம்கா."

"சரி பண்ண வந்திருக்காங்களா?"

"பாக்க வந்திருக்காங்க."

"நானும்தான் பாத்துட்டிருக்கேன். பாத்தா சரியாயிடுமா?"

செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். அக்கா முள்ளைப் பார்த்தாள், "ம்" என்றாள், கழுத்தைச் சொடுக்கினாள், மறுபடி முள்ளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்கள். இதில் எது இன்றியமையாதது, எது அக்காவின் சொந்தப் பழக்கம் என்று அங்கேயே விவாதம் தொடங்கியது. நடுப்பிள்ளைக்காரருக்குத் தெரிந்த பால் கிடங்கில் ஒருவர் "ம்ம்" என்று நீட்டுகிறாராம். இரண்டும் ஒத்துப்போகாது என்று அவர் ஃப்ரிட்ஜ்காரர் மூலமாக எச்சரித்தார்.

கையேடு வெளிவந்தது. 'சூடு ஏறினால் மணி அடிக்கும்' என்றிருந்த வரியை எடுத்துவிட்டு, 'சூடு ஏறினால் அக்கா பார்ப்பார்' என்று போட்டிருந்தார்கள். அக்கா என்பது இங்கே கலைச்சொல் என்று அடியில் விளக்கம் இருந்தது. தகுதி பெற்ற எவரும் அக்கா ஆகலாம். மீன் கிடங்கில் கிருதா வைத்த ஒரு முரட்டு ஆள் அக்காவாக நியமிக்கப்பட்டார். தடுப்பூசி அறையில் மாமனாரும் மருமகனும் மாறி மாறி அக்காவாக இருந்தார்கள். சந்தேகம் வந்தால் எல்லாரும் பார்த்துத் தெளிய வேண்டிய மூல மாதிரி என்று ரத்த வங்கியின் அக்காவைக் குறிப்பிட்டிருந்தார்கள். தினமும் யாராவது வந்து கதவோரம் நின்று அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்காவிடம் கடைசியாக ஒரே ஒரு மாணவர் மிஞ்சியிருந்தார். ஓய்வு பெற்ற தையற்காரர், ரிவர்ஸ் எடுக்க மட்டும் வராது. "நீங்க வந்தா கத்துக்கறேன், இல்லன்னா எனக்கு வண்டியே வேணாம்" என்று அவர் சொல்லியிருந்தார். தினமும் ரத்த வங்கிக்கு வெளியே அக்காவின் காரில் ஓட்டுநர் இருக்கையில் வந்து உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விடுவார்.

"இவரும் போயிட்டார்னா நான் பலகையைக் கழட்டிடுவேன்" என்று அக்கா தம்பியிடம் சொன்னாள். "உன்னைத் திட்டறதுக்கு எனக்கு மனசு வரலடா. ஆனா பலகையைக் கழட்டினா நிச்சயம் திட்டுவேன்."

கையேட்டின் வெற்றியைக் கொண்டாடத் தலைவர் ரத்த வங்கிக்கே வந்தார். மூல மாதிரிக்குப் பாராட்டுச் சான்றிதழ். பிரதிநிதிகள் மூவரும் மூன்று வண்டிகளில் வந்தார்கள். டாக்டரம்மா அறையைத் துடைத்து வைத்திருந்தார். புகைப்படக்காரர் விளக்குகளோடு வந்திருந்தார்.

தலைவர் செருமினார், கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "இந்த வாரியத்தின் வரலாற்றில் முதல் தடவையாக மூன்று வீடும் அச்சுப் பிசகாமல் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன. எங்கேயும் மணி அடிப்பதில்லை. இந்த அமைதியைக் கேளுங்கள்" என்று சொல்லி நிறுத்தினார். எல்லாரும் கேட்டார்கள். "பழைய காலத்தில் ஒரு மணி அடித்தால் அது எந்த வீட்டு மணி என்று சண்டை வரும். இன்று அந்தச் சண்டைக்கே இடமில்லை. இதற்கெல்லாம் ஆதாரமாக இருக்கும் இந்த அம்மையாரை வாரியம் வணங்குகிறது."

அம்மையார் முள்ளைப் பார்த்தபடியே கேட்டாள். "நான் எப்பங்க எழுந்திருக்கலாம்?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கையேட்டைப் புரட்டினார். "உட்காருவதற்கு விதி இருக்கிறது. எழுந்திருக்க விதி இல்லை" என்றார்.

"யாராச்சும் மாத்தி உக்காந்தா?"

"அதற்குத் தடை இல்லை. உட்கார்ந்தவர் அக்கா, அவ்வளவுதான்."

"யாரு வேணாலுமா?"

தலைவர் புன்னகைத்தார். "பதவி, வயது, ஆண், பெண் என்ற பேதமே கிடையாதம்மா. அதுதான் ஒத்திசைவின் பெருமை."

"அப்ப நீங்க ஒரு நிமிஷம் உக்காருங்க. தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

புகைப்படக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. தலைவரே முக்காலியில் உட்கார்ந்து முள்ளைப் பார்க்கும் படம் எல்லா இடத்திலும் வரும் என்றார். தலைவர் வேட்டையாடப்போகும் முகபாவத்தோடு உட்கார்ந்தார். ரத்தப் பைகளும் படத்தில் விழட்டும் என்று புகைப்படக்காரர் பெட்டியின் கதவைக் கொஞ்சம் திறந்து, படம் எடுத்து, மூடினார்.

வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது. ஃப்ரிட்ஜ்காரர் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தார். தையற்காரர் ஓட்டினார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூரையில் பலகை இருந்தது. கார் தெருமுனையில் திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார்.

உள்ளே தலைவருக்கு ஒரு நிமிடம் தாண்டிவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார்.

"அது முடியாதே" என்றார் கடைக்குட்டிக்காரர்.

"மாற்று ஆள் உட்காராமல் எழுந்தால் விதிமீறல்" என்றார் மூத்தபிள்ளைக்காரர், நேராகக் கடைக்குட்டிக்காரரைப் பார்த்து.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் நடுப்பிள்ளைக்காரர் இருவரிடமும். பல வருடங்களுக்குப் பிறகு மூவரும் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். நடுவில் யாரும் தேவைப்படவில்லை. எனக்கு முதுகு வலி, எனக்கு அடுத்த கூட்டம், எனக்குக் கண்ணில் புரை என்று ஒருவருக்கொருவர் காரணங்களைக் கரிசனமாகக் கேட்டறிந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை.

தலைவர் முள்ளைப் பார்த்தார். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. முள் ஓரிடத்தில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் இல்லாதது போலத் தோன்றியது. அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"ஏறுது" என்றார்.

பேச்சு தொடங்குகிறது என்று நினைத்து எல்லாரும் அமைதியானார்கள். செயலாளர் பேனாவை எடுத்தார். சுவரோரம் இருந்த கணினி எல்லாம் சுகம் என்ற எண்ணைக் காட்டியபடி இருந்தது.

"ஏறுதுங்க" என்றார் தலைவர் மறுபடி. வாழ்நாளில் அவர் யாரையும் 'ங்க' போட்டுக் கூப்பிட்டுப் பேசியதில்லை. அவருடைய நெற்றி வேர்த்திருந்தது. "யாராவது வாங்க. மணி ஏன் அடிக்கல?"

அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஃப்ரிட்ஜ்காரர் வாசலிலிருந்து பாய்ந்து வந்தார். புகைப்படக்காரரின் கேமராப் பையின் வார் ஒன்று கதவிடுக்கில் மாட்டி, கதவு விரல்கடையளவு திறந்திருந்தது. வாரை இழுத்தெறிந்துவிட்டு, கதவில் தோளைக் கொடுத்து அழுத்திக்கொண்டு நின்றார். டாக்டரம்மா அபூர்வ வகைப் பைகளை எடுத்து அடுத்த பெட்டிக்கு மாற்றினார். முள் நின்றது. பிறகு மனமில்லாமல் இறங்க ஆரம்பித்தது. பைகள் தப்பின.

தலைவர் முக்காலியில் இருந்தபடியே திருத்தத்தைக் கேட்டார். தலைப்பை வாசிக்கவில்லை, வெற்றிடத்தை அளக்கவில்லை, குழு கூடவில்லை. முழங்காலில் தாளை வைத்து மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்து போட்டார். கமா ஓட்டமும் நடையுமாக வந்தாள். அவள் கணினியில் தட்டிய நேரத்தில் டாக்டரம்மாவால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடித்து முடிக்க முடியவில்லை. பிறகு ஃப்ரிட்ஜ்காரர் பெட்டியின் சூட்டை அளக்கும் உணர்கருவியை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினார். மணி அடித்தது. அறை முழுக்க, காது வலிக்க அடித்தது. கமா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஃப்ரிட்ஜ்காரர் அக்காவுக்குப் போன் செய்தார். தையற்காரர் எடுத்தார். "மேடம் ரிவர்ஸ் சொல்லித் தர்றாங்க. அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிட்டார்.

பிரதிநிதிகள் பேசிக்கொண்டே கிளம்பினார்கள். புகைப்படக்காரர் விளக்குகளைச் சுருட்டிக்கொண்டு நழுவினார். தலைவர் மட்டும் முக்காலியை விட்டு அசையவில்லை. கண் முள்மேலேயே இருந்தது.

"எழுந்திருங்க சார்" என்றார் ஃப்ரிட்ஜ்காரர். "இனிமே யாரும் பாக்க வேணாம். சூடு ஏறினா மணி அடிக்கும்."

"நிச்சயமா அடிக்குமா?"

"நீங்கதானே சார் இப்பக் கையெழுத்து போட்டீங்க?"

"அதான் பயமா இருக்கு" என்றார் தலைவர்.